பேரைச் சொன்னாலே போதும்

வங்கதேசத்தின் முன்னாள் உள்துறை அமைச்சர் கொல்கத்தாவின் நியூ டவுனில் இருந்தார். இதை எந்த உளவுத்துறையும் மோப்பம் பிடிக்கவில்லை. 2025இல் தில்லி ஊடகம் ஒன்று எழுதியது. ஆட்சியை இழந்த அவாமி லீக் கட்சியின் முன்னாள் அமைச்சர்கள், எம்.பி.க்கள் பலர் அந்த வட்டாரத்தில் வாடகை ஃபிளாட்டுகளில் இருப்பதையும், தொழுகை, உடற்பயிற்சிக் கூடம், அரசியல் ஆலோசனை என்று பொழுது போவதையும் விவரமாகவே எழுதியது. அந்த உள்துறை அமைச்சர், அசாதுஸ்ஸமான் கான் கமால், சாதாரண ஆள் இல்லை. ஷேக் ஹசீனா ஆட்சியில் ஒரு நாட்டின் போலீஸ் முழுவதையும் கையில் வைத்திருந்தவர். அதே ஆண்டு நவம்பர் 17 அன்று டாக்காவின் தீர்ப்பாயம் ஹசீனாவுக்கும் அவருக்கும் மரண தண்டனை விதித்தது.

உயிருக்குப் பயந்து வந்தவருக்கு இடம் கொடுத்தது தப்பில்லை. கொடுக்கட்டும். நம் சந்தேகம் வேறு. அந்த ஆண்டு முழுக்க இந்தியப் போலீஸ் வங்கதேசிகளைத் தேடிக்கொண்டிருந்தது. குருகிராமில் குப்பை பொறுக்குகிறவர்களைப் பிடித்து, 'ஹோல்டிங் சென்டர்' என்று நாகரிகமாகப் பெயர் வைத்த கூடங்களில் அடைத்தது. ஒடிஷாவின் ஜார்சுகுடாவில் 400க்கும் மேற்பட்ட தொழிலாளிகளை ஒரே வீச்சில் வளைத்தது. தில்லியில், மும்பையில், அகமதாபாத்தில் குடிசைக் கதவுகளைத் தட்டியது. இத்தனை தட்டலில் ஒன்றுகூட நியூ டவுனின் மேல் மாடிகளில் விழவில்லை. லிஃப்ட் பழுதாக இருந்திருக்கும்.

அந்த அடுக்ககங்களின் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். செக்யூரிட்டி கூண்டுக்கு முன்னால் பெண்கள் வரிசை. முந்தானையில் முடிந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் ஜெராக்ஸ். ஒருத்திக்கு மூன்று வீட்டுப் பாத்திரம். இன்னொருத்திக்குப் படுக்கையில் கிடக்கும் கிழவியைக் குளிப்பாட்டும் வேலை. செக்யூரிட்டி கைபேசிச் செயலியில் எண்ணைத் தட்டுகிறான். மேலே வீட்டுக்காரம்மா சம்மதம் என்று விரலால் தொட்டால்தான் கீழே கதவு திறக்கும். திரும்பிப் போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். வேலைக்குச் சேரும்போதே போலீஸ் வெரிஃபிகேஷன் படிவம் நிரப்பியாகிவிட்டது. அதில் முதல் கட்டம் பெயர். மற்ற கட்டங்களை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

முஸ்லிம் பெயர் சொன்னால் பல வீடுகளில் சமையலறைக்குள் விடமாட்டார்கள். அதனால் கொல்கத்தாவில் வீட்டு வேலைக்குப் போகும் முஸ்லிம் பெண்கள் பலர், இன்று நேற்றல்ல, நெடுங்காலமாக ஓர் இந்துப் பெயரையும் கூடவே வைத்திருக்கிறார்கள். வேலைக்கு வரும்போது வகிட்டில் குங்குமம், கையில் வெள்ளைச் சங்கு வளையல். ஊர் திரும்பும்போது அழிப்பு. எத்தனையோ பத்திரிகைக்காரர்கள் எழுதிச் சலித்த சங்கதி இது. போலீஸுக்கு மட்டும் புதுசு. ஆதாரில் ஒரு பெயர், வாசல் பதிவேட்டில் இன்னொரு பெயர். இவள் ஊடுருவல்காரியாக இல்லாமல் வேறு யாராக இருப்பாள்? ஆக, முதல் பெயருக்கு வேலை கிடையாது, இரண்டாவது பெயருக்கு லாக்கப் உண்டு. ஆள்மாறாட்டம் நடந்தது உண்மைதான். நடத்த வைத்தவர்கள் பத்தாவது மாடியில் தேநீருக்குக் காத்திருக்கிறார்கள்.

நியூ டவுன் வானத்திலிருந்து விழுந்த ஊரும் அல்ல. நெல் விளைந்த, மீன் வளர்த்த ராஜர்ஹாட் நிலத்தை 1990களின் பிற்பாதியிலிருந்து இடதுசாரி அரசு ஆயிரக்கணக்கான ஏக்கராக எடுத்தது. பாட்டாளிகளின் அரசு, பாட்டாளிகளிடமிருந்துதான் எடுத்தது. உழுதவர்களில் முஸ்லிம்களும் தலித்துகளும் நிறைய. இந்த நகரத்துக்கு ஜோதி பாசுவின் பெயர் இருக்கலாமா கூடாதா என்று பின்னால் இடதுசாரிக் கட்சியும் திரிணமூல் கட்சியும் மல்லுக்கட்டின. நிலத்தை விட்டவர்களின் பெயரை எங்கே எழுதுவது என்று யாரும் அடித்துக்கொள்ளவில்லை. அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, வாசல் பதிவேட்டில், 'விசிட்டர்' பத்தியில்.

சரி, நியூ டவுன் ஆபத்தில்லாத ஊரா? ஆபத்தான ஊர்தான். 2021 ஜூன் 9, சுகோப்ரிஷ்டி குடியிருப்பில் துப்பாக்கிச் சண்டை. பஞ்சாபில் இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட இரண்டு தாதாக்கள் அங்கே ஜம்மென்று ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்தார்கள். 2024 மே 13, வங்கதேச எம்.பி. அன்வருல் அசிம் அனார் சஞ்சீவா கார்டன் அடுக்ககத்துக்குள் நடந்து போனார். நடந்து வெளியே வரவில்லை. பெட்டிகள் வந்தன. யார் உள்ளே போனது, யார் டிராலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது எல்லாவற்றையும் கேமரா கடமை தவறாமல் பதிவு செய்தது. பதிவானதைப் பார்க்க ஆள் வந்தது எல்லாம் முடிந்த பிறகு. பாத்திரம் தேய்க்கிறவளின் பை தினமும் திறந்து பார்க்கப்படும் ஊரில், அந்தப் பெட்டிகளைத் திறக்கச் சொல்ல ஒரு நாதி இல்லை.

கொலையில் கைதானவர்களில் வங்கதேசிகளும் உண்டு. பெயரெல்லாம் போலீஸ் சந்தேகப்படும் வகைப் பெயர்தான். ஆனால் ஃபிளாட் வாடகைக்குக் கிடைத்தது. ஏன் கிடைத்தது? பணம் இருந்தது. பெயரோடு பணமும் இருந்தால் அவர் குடியிருப்போர் சங்க உறுப்பினர். பெயர் மட்டும் இருந்தால் தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்.

இதைப் படித்து திரிணமூல்காரர்கள் யாராவது தலையாட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்தவும். உங்கள் கணக்கும் இருக்கிறது. 2019இல் வெளிநாட்டவரை அடைத்துவைக்கும் தடுப்பு முகாம்களுக்கு மேற்கு வங்க அரசு இடம் பார்த்தது. ஒன்று போங்காவ்னில். இன்னொன்று, வேறெங்கே, நியூ டவுனில். குற்ற வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை வைப்பதற்கு, குடிமக்கள் பதிவேடான என்.ஆர்.சி.க்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சிறைத்துறை அமைச்சர் விளக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் அன்றைய முதல்வர் மம்தா பானர்ஜி மேடையேறி, உயிரைக் கொடுத்தாவது வங்காளத்தில் தடுப்பு முகாம் வராமல் தடுப்பேன் என்றார். கூட்டம் கைதட்டியது. யாரிடமிருந்து தடுப்பார்? இடம் பார்த்தது அவருடைய அமைச்சர். முதல்வரை முதல்வரிடமிருந்து காப்பாற்றிய வகையில் அந்தத் திட்டம் சத்தமில்லாமல் கிடப்புக்குப் போனது.

நியூ டவுனில் வளாகம் வைத்திருக்கும் அலியா பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவர் தலைவர், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் குரல் கொடுத்தவர், 2022 பிப்ரவரியில் ஹவுரா மாவட்டத்திலிருந்த தன் வீட்டு மாடியிலிருந்து விழுந்து இறந்தார். நள்ளிரவில் போலீஸ் உடையில் ஆட்கள் வந்தார்கள், தள்ளிக் கொன்றார்கள் என்றது குடும்பம். கொலை இல்லை, கவனக்குறைவு என்றது மாநில அரசின் சிறப்புப் புலனாய்வுக் குழு. நள்ளிரவு, மாடி, போலீஸ், கவனக்குறைவு. தேர்தல் நேரத்தில் தொப்பியும் முக்காடும் தேடிவரும் கட்சியின் போலீஸ், தேர்தல் இல்லாத நேரத்தில் எந்தக் கதவைத் தட்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

பக்கத்துச் சால்ட் லேக்கில் 2020 செப்டம்பரில் ஒரு கூத்து. அரசு அலுவலக வேலையாக மால்டாவிலிருந்து வந்த மதரசா ஆசிரியர்களை, முன்பதிவு செய்து பணமும் கட்டிய விருந்தினர் விடுதி வெளியே அனுப்பியது. அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கிறார்களாம். தாடி ஆட்சேபம். இந்த ஒரு தடவை போலீஸ் சரியான ஆளைப் பிடித்தது, விடுதிக்காரர்கள் கைதானார்கள். பாராட்டிவிட்டு மேலே போவோம், இனி இப்படிப் பாராட்டச் சந்தர்ப்பம் வராது.

ஆளை அடையாளம் பார்க்கும் தொழிலில் வங்காளத்துக்குப் பரம்பரை உண்டு. 1858இல் இன்றைய முர்ஷிதாபாத் மாவட்டத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, சாலைக்குக் கப்பி சப்ளை செய்ய வந்த ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துக்குப் பதில் உள்ளங்கைப் பதிவை வாங்கினார். கைரேகை சாம்ராஜ்யத்தின் முதல் ஏடு அது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு திறந்தார்கள். உலகத்தில் அதுதான் முதல் என்பார்கள். ரேகைகளை வகை பிரிக்கும் கணக்கைப் போட்டவர்கள் அங்கே இருந்த இரண்டு போலீஸ் சப் இன்ஸ்பெக்டர்கள். அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் முறைக்கு வந்தது, அது வழக்கம்தான். ஒரு வங்க முஸ்லிம் போட்ட கணக்கை வைத்து உலகமே குற்றவாளியைப் பிடித்தது. இன்று அதே ஜங்கிபூர் பக்கத்துக் கொத்தனார் மும்பையில் விரலை வைத்து, தான் வங்கதேசி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தும் நம்பாமல் முர்ஷிதாபாத்காரர்கள் சிலரை 2025 ஜூனில் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு, பிறகு எல்லைப் படைகளின் கொடிச் சந்திப்பு நடத்தித் திரும்பக் கூட்டிவந்தார்கள். தள்ளும்போது தேவைப்படாத காகிதமெல்லாம் திரும்பக் கூப்பிடும்போது தேவைப்பட்டது.

ரேகை என்றதும் மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு உள்ளங்கை கூசியிருக்கும். 1871இல் வெள்ளைக்காரன் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 'ரேகைச் சட்டம்' என்றுதான் ஊரில் பெயர். பிறந்த சாதியே குற்றப்பத்திரிகை. கள்ளர் வீட்டு ஆண்பிள்ளை பொழுது சாய்ந்தால் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். பக்கத்து ஊருக்குப் பெண் பார்க்கப் போவதற்கும் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். பெண் உட்பட உயிர்கள் போயின. அந்தச் சட்டத்தை ஒழித்ததற்கு இன்றும் விழா எடுக்கிறோம், சிலைக்கு மாலை போடுகிறோம். சாதிப் பெயரை வைத்து ஆளைக் குற்றவாளியாக்குவது அநியாயம் என்று மேடையில் தொண்டை கிழியப் பேசுகிறவர், இறங்கி வந்து காரில் உட்கார்ந்ததும் டிரைவரிடம் கேட்பார்: "அந்தத் தெருவுல பாய்ங்க ஜாஸ்தியாப்பா?"

வெள்ளைக்காரன் செய்ததைச் சட்டம் போட்டுச் செய்தான் என்ற குறை நம் அரசுக்கு இருந்திருக்கலாம். 2025 செப்டம்பரில் அதையும் சரிக்கட்டிவிட்டார்கள். புதிய குடியேற்ற மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. வங்கதேசம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானிலிருந்து 2024 டிசம்பர் 31க்குள் தஞ்சம் தேடி வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களிடம் பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் தண்டனை கிடையாது. மனிதாபிமானம், வரவேற்போம். பட்டியலில் ஒரு மதம் குறைகிறது, எது என்று சொன்னால் பரிசு ஒன்றும் இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கும் அதே ஆணையில் விலக்கு உண்டு. குடியுரிமை மட்டும் கேட்கக் கூடாது. நாற்பது வருடம் முகாமில் இருந்ததற்குச் சிறைத் தண்டனை இல்லை என்பது சலுகை. ஒரே எல்லையை ஒரே இரவில் இரண்டு பேர் தாண்டினால் ஒருவர் அகதி, மற்றவர் ஊடுருவல்காரர். இதைப் பிரித்துப் பார்க்க உளவாளி எதற்கு? பெயர்ப் பட்டியலும் ஒரு பென்சிலும் போதும்.

இப்போது பென்சிலுக்குப் பதில் முகமறியும் மென்பொருள். தமிழ்நாடு போலீஸ் 2021 அக்டோபரில் துவக்கிய மென்பொருள், நியூ டவுனின் அண்டை வீட்டுக்காரரான, மத்திய அரசின் கணினி நிறுவனமான கொல்கத்தா சி-டாக் உருவாக்கியது. முகத்தைக் காட்டினால் ஆளைச் சொல்லும். 2024இல் அந்த மென்பொருளின் இணையதளத்துக்குள்ளேயே திருடன் நுழைந்து தரவை அள்ளினான். அவன் முகத்தை அது அறியவில்லை. தில்லி போலீஸின் மென்பொருள் 80 சதவீதம் ஒத்துப்போனால் அதையே பொருத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு அவர்களே கொடுத்த பதில். ஐந்தில் நான்கு பங்கு நீங்கள்தான் என்றால் மீதி ஒரு பங்கும் சேர்ந்து லாக்கப்பில் இருக்க வேண்டியதுதான். எந்த முகத்தைத் தேடுவது என்று இயந்திரம் தானாக முடிவு செய்யாது. மனிதன் சொல்ல வேண்டும். அந்த மனிதன் எப்படிப்பட்டவன்? 2019இல் காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும் வெளியிட்ட காவல்துறை அறிக்கையில், கேட்கப்பட்ட போலீஸ்காரர்களில் இரண்டுக்கு ஒருவர், முஸ்லிம்கள் இயல்பிலேயே குற்றத்தில் நாட்டம் உள்ளவர்கள் என்று கருதினார்கள். ஒளித்து மறைத்தெல்லாம் சொல்லவில்லை. யூனிஃபார்மோடு சொன்னார்கள்.

இவ்வளவு பார்த்து என்னதான் கண்டுபிடித்தார்கள்? நியூயார்க் போலீஸைக் கேட்போம். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு அங்கே முஸ்லிம்களைக் கவனிக்க ஒரு தனிப் பிரிவு. எந்தக் கடையில் யார் டீ குடிக்கிறார்கள், எந்தப் பள்ளிவாசலுக்கு யார் வருகிறார்கள் என்று கோப்பு கோப்பாக எழுதினார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஆற்றில் படகு விடப் போனபோது போலீஸ் ஆள் ஒருவரும் கூடவே போய், ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொழுதார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தார். 2012இல் அத்துறையின் உயரதிகாரி தாமஸ் கலாட்டி சத்தியப்பிரமாணம் செய்து சொன்னார்: அவர் பொறுப்பில் இருந்த 6 ஆண்டுகளில் அந்தப் பிரிவின் வேலையால் ஒரு வழக்குக்கும் துப்பு கிடைக்கவில்லை. ஒன்றுகூட. 2014இல் கடையைச் சாத்தினார்கள். பர்மிங்காமில் 2010இல் முஸ்லிம்கள் வாழும் தெருக்களைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கேமராக்கள் நட்டார்கள். திருட்டைத் தடுக்க என்றார்கள். பயங்கரவாத ஒழிப்பு நிதியிலிருந்து வந்த காசு என்பது அப்புறம் வெளியானது. மக்கள் கொதித்ததும் கேமராக்களின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டினார்கள். பிறகு பிடுங்கினார்கள். போலீஸ் மன்னிப்பும் கேட்டது. மன்னிப்புக் கேட்பதற்கு நம் ஊரில் படிவம் அச்சடிக்கப்படவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கைக்கு வாருங்கள். பின்னால் ஈஸ்டர் குண்டுவெடிப்பை நடத்திய சஹ்ரான் ஆபத்தானவன் என்று காத்தான்குடி முஸ்லிம்களே ஆண்டுக்கணக்காகக் கத்தினார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று 2019 ஏப்ரல் 4ஆம் தேதியே இந்திய உளவுத்துறை கொழும்புக்குச் சொன்னது. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோப்பு மேசையில் இருந்தது. அதன்பின் அரசுக்கு வேகம் வந்தது பாருங்கள். மே மாதம் ஹசலக்க என்ற ஊரில் ஓர் ஏழைப் பெண்ணைக் கைது செய்தார்கள். அவர் உடுப்பில் இருந்த அச்சு தர்மச் சக்கரமாம், பௌத்தத்துக்கு அவமதிப்பாம். அது கப்பலின் சுக்கான் சக்கரம். அந்தப் பெண் வாரக்கணக்கில் சிறையில் இருந்தார். குண்டுக்காரனின் பெயர் காகிதத்தில் வந்தபோது படிக்காத கண், ஒரு கஃப்தானின் பூவேலையை எவ்வளவு கூர்மையாகப் படித்திருக்கிறது!

கோயம்புத்தூரில் 2022 அக்டோபர் 23 அன்று கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கு முன்னால் வெடித்துச் செத்தவனை, 2019லேயே என்.ஐ.ஏ. உட்காரவைத்து விசாரித்து அனுப்பியிருந்தது. அந்த ஊரின் முஸ்லிம் வட்டாரமான கோட்டைமேட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், 1998 குண்டுவெடிப்புக்கு முன்னும் பின்னும் அவர்கள் எத்தனை சோதனைச் சாவடியில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினார்கள் என்று. ஊரையே சல்லடை போட்டார்கள். கையில் கிடைத்தவனை விட்டுவிட்டார்கள். பயங்கரவாதி இல்லை என்று எவனும் சொல்லவில்லை. இருக்கிறான். அவனைப் பிடி என்றுதான் கோட்டைமேடும் கேட்கிறது, காத்தான்குடியும் கேட்டது. அவனைத் தேடுவதற்குப் புத்தியும் உழைப்பும் வேண்டும். தெருவைத் தேடுவதற்கு ஒரு ஜீப் போதும்.

தமிழன் இதில் வேடிக்கை பார்க்க இடமில்லை. 2007 ஜூன் 7, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை, தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக விடியுமுன் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற ஊர்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை அது தேசப் பாதுகாப்பு. நமக்கு நெஞ்சு எரிந்தது, நியாயம். ஐந்து வருடம் கழித்து, 2012 பிப்ரவரியில், வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. உடனே சென்னை வீட்டுக்காரர்கள் வடமாநில வாடகைதாரர்களின் ஜெராக்ஸோடு காவல் நிலையத்தில் க்யூவில் நின்றார்கள். நெஞ்சு எரிந்த அதே ஆட்கள். சென்னையில் ஒரு முஸ்லிம் வாடகைக்கு வீடு தேடினால் புரோக்கர் போனில் முதலில் கேட்பது பட்ஜெட் இல்லை. "சார், நீங்க நான்வெஜ்ஜா?" அந்தக் கேள்விக்கும் மட்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

மறுபடி வங்காளம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியதும் நியூ டவுனின் குனி குடிசைப் பகுதியில் பூட்டுகள் தொங்கின. டிவிக்காரர்கள் பூட்டைக் குளோசப்பில் காட்டினார்கள். ஹக்கிம்பூர் எல்லையில் மூட்டையோடு உட்கார்ந்து, ஆமாம், நாங்கள் வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள்தான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மறைக்க ஒன்றுமில்லை. நியூ டவுனில் குப்பை பிரித்தோம், வீட்டு வேலை செய்தோம் என்றும் சொன்னார்கள். அந்தக் குப்பை யாருடையது, அந்த வீடு யாருடையது என்று ஒரு மைக்கும் நீளவில்லை. வங்கதேசி என்று தெரியாமல் வைத்துக்கொண்டோம் என்பார்கள். தெரிந்ததால்தான் பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் அதே குனியில் தீப்பிடித்தது. குடிசை எரிந்தால் ரேஷன் கார்டும் எரியும். காகிதம் காட்டச் சொல்லும் பருவத்தில் காகிதம் எரிந்தவர், அடுத்த விசாரணைக்கு என்ன எடுத்துப் போவார்? சாம்பலுக்கு அட்டெஸ்டேஷன் யார் போடுவது?

கடைசியாக ஒரு வழக்கு. பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணிப் பெண். கணவரோடும் 8 வயது மகனோடும் தில்லி ரோகிணியில் கூலி வேலை. 2025 ஜூனில் போலீஸ் பிடித்தது. அதே ஊர்ப் பக்கத்து இன்னொரு பெண்ணையும் அவருடைய இரண்டு மகன்களையும் சேர்த்து ஆறு பேர். சந்தேகம் வந்தால் சொந்த மாநிலத்தில் 30 நாளுக்குள் விசாரியுங்கள் என்று உள்துறை அமைச்சகம் மே 2ஆம் தேதி எழுதியிருந்த விதி இருக்கிறது. விசாரணை முப்பது நாள், இவர்களுக்குச் சில நாள். ஜூன் 26 அன்று எல்லைக்கு அப்பால் தள்ளியாகிவிட்டது. ஊடுருவியதற்கு ஆதாரம்? 1998இல் சட்டவிரோதமாக உள்ளே வந்தார் என்று அதிகாரிகள் எழுதியிருந்தார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆதாரையும் பான் கார்டையும் பார்த்தது. கர்ப்பிணியான அந்தப் பெண் பிறந்தது 2000இல். பிறப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே எல்லை தாண்டியிருக்கிறார். இந்தியாவின் கண்காணிப்பு எவ்வளவு முன்கூட்டிச் செயல்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வங்கதேசத்துக்காரர்கள் அவர்களை ஊடுருவிய இந்தியர்கள் என்று சிறையில் போட்டார்கள். கர்ப்பத்தோடு சிறை. இந்த ஆறு பேரும் இந்தியர்கள் என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொன்னது. நான்கு வாரத்தில் திரும்பக் கூட்டிவாருங்கள் என்று செப்டம்பர் 26 அன்று நம் உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது. அயல்நாட்டு நீதிபதிக்கு அவர் இந்தியர் என்று தெரிகிறது; சொந்த அரசுக்குத் தெரியவில்லை. டிசம்பர் 3 அன்று அரசு மனமிரங்கியது. மனிதாபிமான அடிப்படையில் உள்ளே விடுகிறோம், ஆனால் அவர் குடியுரிமை பற்றிய எங்கள் வாதம் அப்படியே இருக்கிறது என்றது. நிறைமாதத்தில், சொந்த நாட்டுக்குள், கருணையின் பேரில்.

அந்தக் கருணையும் தாய்க்கும் மகனுக்கும் மட்டும். கணவரும் மற்ற மூன்று பேரும் அன்று அந்தப் பக்கமே நின்றார்கள். அவர்கள் கர்ப்பமாக இல்லை.